பேசாமல் வாங்கிய பொருள்

1928-ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்த ஒரு விளம்பரத்தில், கத்தரித்து எடுத்துக்கொள்ள ஒரு சீட்டு அச்சிடப்பட்டிருந்தது. மோடெஸ் என்னும் மாதவிடாய் நாப்கினுக்கான சீட்டு அது. கடைக்குச் செல்லும் பெண் வாய் திறக்க வேண்டியதில்லை. சீட்டை நீட்டினால் போதும், கடைக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார். தயாரிப்பாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இதை ‘மௌனக் கொள்முதல்’ சீட்டு என்றே அழைத்தது. மாதவிடாய்ப் பொருள்களின் நவீன வரலாற்றை இச்சீட்டிலிருந்தே தொடங்கலாம் என்று நாம் கருதுகிறோம்.

இதே நிறுவனம் 1896-இலேயே ‘லிஸ்டர்ஸ் டவல்ஸ்’ என்ற பெயரில் நாப்கின்களை விற்க முயன்று தோற்றிருந்தது. வெளிப்படையாக விளம்பரம் செய்ய இயலாத பொருளை யார் வாங்குவார்கள்? பெண்கள் வழக்கம்போல வீட்டுத் துணிகளையே மடித்துப் பயன்படுத்தினர். முதல் உலகப்போர் நிலைமையை மாற்றியது. மரக்கூழிலிருந்து கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் தயாரித்த காயக்கட்டுப் பஞ்சை, போர்முனைச் செவிலியர் தம் மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்து பஞ்சு தேங்கியபோது, 1920-இல் அது ‘கோடெக்ஸ்’ ஆயிற்று. எதற்கான பொருள் என்பதைப் பெயர் காட்டிக்கொடுக்கவில்லை. சில கடைகளில் பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, அருகிலேயே காசு போட ஓர் உண்டியலும் வைத்தார்கள்.

அணிபவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் தாமதமாகவே வந்தது. தொழிற்பொறியியல் அறிஞர் லில்லியன் கில்பிரெத், ஜான்சன் அண்ட் ஜான்சனுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கருத்துத் திரட்டி 1927-இல் அறிக்கை அளித்தார். கடையில் வாங்கியதை வீட்டில் வெட்டியும் மடித்தும் தம் உடலுக்கேற்பப் பெண்கள் திருத்திக்கொண்டிருந்தது அதில் தெரியவந்தது. தேர்வு என்பது கத்தரிக்கோல் வடிவில் ஏற்கெனவே இருந்தது. அதற்குச் சொற்கள் மட்டும் இல்லை. விளம்பரமோ பிறகும் மௌனத்தையே அழகுபடுத்தியது. 1948-இல் தொடங்கிய மோடெஸ் விளம்பர வரிசையில் விலையுயர்ந்த மாலையுடை அணிந்த ஒரு பெண்ணின் படமும், பொருளின் பெயரும், ‘ஏனெனில்’ என்ற ஒரு சொல்லும் மட்டுமே இடம்பெற்றன. ஏனெனில் என்ன? அது சொல்லப்படவே இல்லை.

டாம்பானின் கதை இன்னும் சிக்கலானது. டென்வர் மருத்துவர் ஏர்ல் ஹாஸ் 1933-இல் பெற்ற காப்புரிமையை கெர்ட்ரூட் டெண்டரிச் என்ற பெண்மணி விலைக்கு வாங்கினார். 1936-இல் ‘டாம்பாக்ஸ்’ சந்தைக்கு வந்தது. எதிர்ப்பும் உடன் வந்தது. கன்னிமை கெடும் என்றனர். பாலுணர்வைத் தூண்டும் என்றனர். பெண் தன் உடலைக் கையால் தொடாதிருக்கவே அட்டைக்குழாய் இணைக்கப்பட்டது. 1945-இல் ராபர்ட் டிக்கின்சன் என்னும் மகப்பேற்று மருத்துவர், வெளியில் அணியும் நாப்கினைவிட டாம்பான் தூண்டுவது குறைவு என்று மருத்துவ இதழொன்றில் வாதிட்டார். ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒரே அளவுகோலையே கையில் வைத்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அணியும் பெண்ணின் வசதி அந்த அளவுகோலில் பின்னால்தான் வந்தது.

நடிகை லியோனா சால்மர்ஸ் 1937-இல் காப்புரிமை பெற்ற மாதவிடாய்க் கோப்பைக்கு இந்தத் தற்காப்பும் வாய்க்கவில்லை. ரப்பரால் ஆன அதை மடித்து உட்செலுத்தி, எடுத்துக் கழுவி, மீண்டும் பயன்படுத்த வேண்டும். கையும் குருதியும் சந்தித்தே தீரவேண்டிய பொருள் அது. இரண்டாம் உலகப்போரின் ரப்பர்த் தட்டுப்பாடு அதை முதலில் முடக்கியது. பின்னர் 1950-களின் இறுதியில் ‘டாசெட்’ என்ற பெயரில் நடந்த முயற்சியும் நிலைக்கவில்லை.

மௌனத்தின் விலை 1980-இல் தெரிந்தது. மிகுந்த உறிஞ்சுதிறன் கொண்டதாக விற்கப்பட்ட ‘ரிலை’ டாம்பானை, நச்சு அதிர்ச்சி நோய்க்குறியோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டதை அடுத்து, செப்டம்பரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் திரும்பப் பெற்றது. அவ்வாண்டில் மாதவிடாயோடு தொடர்புடையவையாக 800-க்கும் மேற்பட்ட நேர்வுகளும் 38 மரணங்களும் பதிவாயின. அதைவிட நம்மைத் திகைக்கவைப்பது ஒன்றுண்டு: ‘சூப்பர்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், எவ்வளவு உறிஞ்சினால் சூப்பர் என்பதற்குப் பொது அளவே இல்லை. ஒரு நிறுவனத்தின் சூப்பர் மற்றொன்றின் சூப்பராக இருக்கவில்லை. பெண்கள் உடல்நல இயக்கத்தினர் பல ஆண்டுகள் வற்புறுத்திய பின்னரே, 1989-இல் அமெரிக்க அரசு பொது அளவை விதியாக்கியது. இதற்கிடையில், 1985-இல்தான் அந்நாட்டுத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் மாதவிடாயைக் குறிக்கும் அன்றாடச் சொல் முதன்முறையாக ஒலித்தது.

துணியா, நாப்கினா, டாம்பானா, கோப்பையா என்பது அவரவர் உடலும் வசதியும் சார்ந்த முடிவு. இதில் ஒன்றை முற்போக்கு என்றும் மற்றொன்றைப் பழமை என்றும் தரம்பிரிக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும், எதனால் ஆனது, எத்தனை மணிநேரம் அணியலாம், என்ன கேடு நேரலாம் என்று கூச்சமின்றிக் கேட்கவும் விடை பெறவும் முடிந்தால்தான் அதைத் தேர்வு என்று சொல்லமுடியும். மௌனச் சீட்டு பெண்ணை வெட்கத்திலிருந்து காப்பாற்றியது உண்மையே. அதே சீட்டு, கடைக்காரரிடம் அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்வியையும் வாங்கி வைத்துக்கொண்டது.