நீரிழிவுள்ள பூனைகளில் மலச்சிக்கல்

நீரிழிவுள்ள பூனைகளில் மலச்சிக்கல் என்பது, நீரிழிவு நோய் கண்ட வீட்டுப் பூனைகளின் பெருங்குடலில் மலம் நீர் வற்றி இறுகி, வெளியேறாமல் தங்கிவிடும் நிலையைக் குறிக்கும். நலமான பூனை பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை மலம் கழிக்கும். இரண்டு நாட்களுக்கு மேல் கழிக்காதிருந்தாலோ, முக்கி முக்கிச் சிறு உலர்ந்த உருண்டைகளை மட்டும் வெளியேற்றினாலோ அது மலச்சிக்கல் எனக் கொள்ளப்படும். பிற பூனைகளுக்கு இது பெரும்பாலும் எளிதில் தீரும் தொல்லை. நீரிழிவுள்ள பூனைக்கு அவ்வாறன்று. மலம் தங்கினால் பூனை உணவை மறுக்கும். உணவு மறுக்கும் பூனைக்கு இன்சுலின் இடுவதும் இடாமல் விடுவதும் இரண்டுமே தீங்காக முடியக்கூடும்.

தமிழ்நாட்டில் கோடை வெயில் 40 பாகை செல்சியசைத் தொடும் காஞ்சிபுரம், வாலாஜாபாத் போன்ற உள்நாட்டு ஊர்களில், உடல்நீர் இழப்பினால் இத்தொல்லை கூடுவதற்கு வாய்ப்புண்டு.

காரணங்கள்

பூனைகளின் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, காயடிக்கப்பட்ட ஆண் பூனைகளில் மிகுதியாகக் காணப்படும். இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 250 மி.கி./டெ.லி. அளவைத் தாண்டும்போது சிறுநீரகங்கள் சர்க்கரையைச் சிறுநீரில் கழியவிடுகின்றன. சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. பூனை எவ்வளவு குடித்தாலும் இவ்விழப்பு முழுதும் ஈடாவதில்லை. அந்நிலையில் உடல், பெருங்குடலில் உள்ள மலத்திலிருந்து கூடுதலாக நீரை உறிஞ்சிக்கொள்வதால் மலம் கல்போல் இறுகுகிறது. ஆகவே, அடங்காத நீரிழிவே இம்மலச்சிக்கலின் முதற் காரணம் எனலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் பேதி மருந்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பதால் பயன் குறைவு.

மிகுதியாகச் சிறுநீர் கழிவதால் பொட்டாசியமும் வெளியேறுகிறது. இன்சுலின் ஏறும்போது இரத்தத்தில் எஞ்சிய பொட்டாசியம் உயிரணுக்களுக்குள் புகுவதால் அதன் அளவு மேலும் தாழலாம். பொட்டாசியம் தாழ்ந்தால் தசைகள் தளரும். குடற்சுவரின் தசைகளும் இதற்கு விலக்கல்ல.

நீண்ட நாள் நீரிழிவில் நரம்புகள் பழுதடைகின்றன. பூனை தன் பின்னங்கால்களில் விரல்களை மட்டும் ஊன்றாமல் குதிங்கால் வரை தரையில் பட நடப்பது இதன் கண்கூடான அடையாளம். அத்தகைய பூனை குந்தி அமர்ந்து முக்குவதற்கே வலுவின்றி, மலத்தை அடக்கிக்கொள்ளும். முதிய பூனைகளில் மூட்டு வாதமும் நாட்பட்ட சிறுநீரக நோயும் இதனுடன் சேர்ந்துகொள்வது உண்டு. சிறுநீரக நோய்க்குத் தரப்படும் அலுமினியம் ஐதராக்சைடும், அபினி வகை வலி மருந்துகளும், சிறுநீர்ப் பெருக்கிகளும் மலத்தைக் கட்டும் இயல்புடையவை.

வீட்டுப் பழக்கங்களுக்கும் இதில் பங்குண்டு. கோழி எலும்பும் மீன் முள்ளும் தின்னும் பூனைகளில் மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து இறுகும். நக்கி விழுங்கும் மயிரும் அதனுடன் சேர்ந்து திரளும். மலம் கழிக்கும் மணல் தட்டு அழுக்காக இருந்தால் பூனை அதை வெறுத்து அடக்கிக்கொள்ளும்.

மயக்கம் தரும் பிற நிலைகள்

முக்கும் பூனை எல்லாம் மலச்சிக்கல் உள்ள பூனை அன்று. ஆண் பூனைகளில் சிறுநீர்க் குழாய் அடைபட்டாலும் பூனை அடிக்கடி மணல் தட்டுக்குச் சென்று, குந்தி, கத்தி, ஒன்றும் வராமல் திரும்பும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிறுநீர் அடைப்பு ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே, முக்கும் ஆண் பூனையின் சிறுநீர் நனைந்திருக்கிறதா என்பதே முதலில் பார்க்கவேண்டியது. நனைவு இல்லையெனில் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மற்றொரு மயக்கம் நெசவாளர் வாழும் பகுதிகளில் தனியே எண்ணத்தக்கது. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடைப்பட்ட முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை போன்ற ஊர்களில் தறி உள்ள வீடுகள் பல. பட்டு நூலும் சரிகையும் பூனைக்கு நல்ல விளையாட்டுப் பொருள்கள். பூனையின் நாக்கில் உள்ள பின்னோக்கிய முட்கள் நூலை வெளியே துப்ப விடுவதில்லை, விழுங்கத்தான் வழி. விழுங்கிய நூல் ஒரு முனையில் நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டால், குடல் அந்நூலின்மேல் சுருக்குப்பைபோல் மடிந்து, இறுதியில் அறுபடவும் கூடும். வாந்தி, உணவு மறுப்பு, மலம் வராமை ஆகியன இதன் குறிகள். ஆசனவாயில் நூல் தொங்குவதைக் கண்டால் அதை இழுக்கவே கூடாது. இந்நிலையில் பேதி மருந்து கொடுப்பது கேடு விளைவிக்கும். அறுவை மருத்துவமே தேவைப்படும்.

உணவும் நீரும்

பூனை கட்டாய ஊனுண்ணி. அதற்கு மாவுச்சத்து தேவையில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் பூனைக்குப் பாற்சோறும் தயிர்ச்சோறும் இடுவது நெடுநாளைய வழக்கம். நீரிழிவு கண்ட பின் இவ்வழக்கம் நிறுத்தப்படவேண்டும். சோறு சர்க்கரையை ஏற்றும். பாலிலுள்ள லாக்டோசு பல வளர்ந்த பூனைகளுக்குச் செரிப்பதில்லை. பால் கொடுத்தால் வயிறு இளகும் என்பதை மருத்துவமாகக் கொள்வோரும் உண்டு. அவ்வாறு இளகுவது செரியாமையால் வரும் கழிச்சலே. அது உடல்நீரை மேலும் குறைக்கும்.

மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த ஈர உணவு நீரிழிவுக்கும் மலச்சிக்கலுக்கும் ஒருங்கே உதவும். ஈர உணவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். நாளொன்றுக்குக் கிலோ எடைக்குச் சுமார் 50 மி.லி. நீர், அதாவது 4 கிலோ பூனைக்கு உணவில் உள்ளதையும் சேர்த்து 200 மி.லி. அளவு என்பது பொதுக் கணக்கு. நீரிழிவு அடங்காத பூனைக்கு இது போதாது. உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத கோழி வேகவைத்த நீரை உணவில் கலந்து கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அகன்ற வாயுள்ள கிண்ணங்களில், மணல் தட்டுக்கு அருகில் அல்லாமல், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் நீர் வைத்தல் நன்று. கருவாடு ஏற்றதன்று.

நார்ச்சத்தைப் பொறுத்தவரை இருபக்கமும் உண்டு. இசப்கோல் உமி சில பூனைகளுக்கு மலத்தை இளக்கி, உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவதையும் தணிக்கிறது. ஆனால் நீர் வற்றிய பூனைக்கோ, பெருங்குடல் விரிந்துபோன பூனைக்கோ கொடுத்தால் அது மலத்தின் பருமனைக் கூட்டி அடைப்பை இறுக்கிவிடும். வேகவைத்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி அளவில் தீங்கற்றது; பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

மருந்துகள்

நீர் வற்றிய பூனைக்கு முதல் மருந்து நீரே. மருத்துவர் சிரை வழியாகவோ தோலுக்கடியிலோ உப்புநீர்மம் ஏற்றி, பொட்டாசியத்தை அளந்து சரிசெய்த பின்னரே பேதி மருந்துக்குச் செல்வது முறை.

பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350 என்னும் சுவையற்ற தூள் நீரை மலத்தில் தக்கவைக்கிறது. குடலில் பெரிதும் உறிஞ்சப்படாததால் சர்க்கரையை ஏற்றுவதில்லை. உணவில் கலந்து, எட்டில் ஒரு பங்கு முதல் கால் தேக்கரண்டி வரை நாளுக்கு இருமுறை தருவது வழக்கம். குடலைத் துப்புரவு செய்வதற்கென உப்புகள் சேர்த்து விற்கப்படும் பொட்டலங்கள் இதினின்றும் வேறானவை, அவற்றை வாங்கலாகாது. லாக்டுலோசு பாகும் இவ்வகையில் பயன்படும். கிலோ எடைக்கு 0.5 மி.லி. அளவில் நாளுக்கு இரண்டு மூன்று முறை தரப்படுகிறது. அப்பாகில் சிறிதளவு கேலக்டோசும் லாக்டோசும் கலந்திருப்பதால், நீரிழிவுள்ள பூனையில் தொடங்கும்போது சர்க்கரை அளவைக் கவனிக்க வேண்டும். அளவை முடிவு செய்வது மருத்துவரே.

குடலசைவைத் தூண்டும் சிசாப்ரைடு பூனைகளில் நன்கு பயன்படும் மருந்து. மனிதரில் இதயத் துடிப்பைக் குலைத்தமையால் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு பொது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவில் மனிதர் பயன்பாட்டுக்கு 2011இல் தடை செய்யப்பட்டது. பெருங்குடல் நிலையாக விரிந்து செயலிழந்து, எம்மருந்துக்கும் இணங்காதபோது அதன் பெரும்பகுதியை அறுத்து நீக்குவர்.

சில பொருள்களை வீட்டில் தாமாகக் கொடுக்கவே கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் மனிதருக்கான பாசுபேட்டு எனிமா பூனையின் இரத்தத்தில் பாசுபேட்டை உயர்த்தி, கால்சியத்தைத் தாழ்த்திக் கொல்லக்கூடியது. விளக்கெண்ணெய் பேதிக்குப் பேர்போனது எனினும் பூனைக்கு வாந்தியும் கடுங்கழிச்சலும் தரும். நீர் வற்றிய உடலுக்கு அது பகை. திரவ பாரபினை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சி வரலாம். வயிற்று வலிக்கென்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே பூனைக்கு நஞ்சு.

இன்சுலினும் உணவு மறுப்பும்

உண்ணாத பூனைக்கு வழக்கமான முழு அளவு இன்சுலின் இட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு நேரலாம். அப்போது சர்க்கரைப் பாகையோ தேனையோ ஈறுகளில் தடவியபடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அஞ்சி இன்சுலினை அடியோடு நிறுத்தினாலோ கீட்டோன்கள் பெருகி இரத்தம் அமிலமாகும். ஆகவே, பூனை ஒரு வேளை உணவை மறுத்தவுடன் காதுமடலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையை அளந்து, மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைப்பதே முறை. மனிதருக்கான அளவி பூனையின் சர்க்கரையை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் இயல்புடையது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இந்தியாவில் மில்லி லிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இருவகை இன்சுலின் குப்பிகளும், அவற்றுக்கெனத் தனித்தனி ஊசிகளும் விற்கப்படுகின்றன. 100 அலகு இன்சுலினை 40 அலகு ஊசியில் 2 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே செல்வது 5 அலகு. பல பூனைகளுக்குத் தொடக்க அளவே வேளைக்கு 1 அலகுதான்.

வாய்வழி மருந்துகளான பெக்சாகிளிப்ளோசின் 2022இலும் வெலாகிளிப்ளோசின் 2023இலும் அமெரிக்காவில் பூனைகளுக்கு ஒப்புதல் பெற்றன. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் நீரிழப்பும் கூடுகிறது. இம்மருந்து உண்ணும் பூனை உணவை மறுத்தால், சர்க்கரை இயல்பாகத் தெரிந்தாலும் கீட்டோன் நிலை வந்திருக்கக்கூடும். மருந்தை நிறுத்தி உடனே பரிசோதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மருத்துவ வசதி

சென்னை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இதன் மருத்துவமனையில் சிறு விலங்குகளுக்கு இரத்தப் பரிசோதனையும் கதிர்ப்படமும் எடுக்கலாம். சிற்றூர்களின் அரசு கால்நடை மருந்தகங்கள் மாடு, ஆடுகளை முதன்மையாகக் கொண்டவை; எனினும் நீர்மம் ஏற்றுதல் போன்ற முதலுதவியை அங்கே பெற்றுக்கொண்டு பயணத்தைத் தொடரலாம்.

வாலாஜாபாத்திலிருந்து சென்னை வரையிலான பயணத்தில் பூனை அஞ்சினால், அவ்வச்சமே இரத்தச் சர்க்கரையை 300க்கு மேல் உயர்த்திவிடக்கூடும். அதனால் வீட்டில் எடுத்த சர்க்கரை அளவுகள், கடைசியாக மலம் கழித்த நாள், இன்சுலின் இட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்து உடன் கொண்டுசெல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும்.