பிட்சரின் எண்களும் பந்தயத்தின் விலையும்

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் பணம் வைப்போர், மற்றெல்லா விவரங்களைக் காட்டிலும் அன்றைய தினம் எந்தப் பிட்சர் முதலில் பந்தெறியப் போகிறார் என்பதையே பிரதானமாகக் கருதுகின்றனர். அறிவிக்கப்பட்ட பிட்சர் மாறினால் பந்தயமே ரத்தாகும் என்ற நிபந்தனையோடு பணம் கட்டும் நெடுநாளைய வழக்கமே இதற்குச் சான்று. ஆதலின், ஆட்டக்காரரின் புள்ளிவிவரங்கள் பந்தயக்காரருக்கு எவ்வளவு தூரம் துணைபுரியும் என்ற வினாவைப் பிட்சரை வைத்தே ஆராய்வது உசிதம். ஓர் எண் உண்மையை உரைப்பதனால் மட்டும் அதை நம்பியவருக்கு லாபம் வருவதில்லை, அவ்வுண்மை விலையில் ஏறாதிருக்கும் காலத்தில்தான் வருகிறது என்பது எமது அபிப்பிராயம்.

பிட்சரை எடைபோட வெகுகாலமாக வழங்கிவந்த அளவு, களத்தடுப்பாளரின் பிழையால் விளைந்த ஓட்டங்களை நீக்கி, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரியாகும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பெட்ரோ மார்டினெஸுக்கு இது 1999-இல் 2.07, 2000-இல் 1.74. இதை மட்டும் கண்டவர் இரண்டாம் ஆண்டில் அவர் சாமர்த்தியம் பின்னும் வளர்ந்ததென்றே முடிவுகட்டுவர். ஆனால், களத்தடுப்பாளரின் துணையின்றிப் பிட்சரும் அடிப்பவருமே தமக்குள் தீர்த்துக்கொள்ளும் விஷயங்களை நோக்குங்கால் நிலைமை தலைகீழாகிறது: அடிப்பவர் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறும் ஸ்ட்ரைக்அவுட் 313-லிருந்து 284-ஆகக் குறைந்தது, ஹோம் ரன் 9-லிருந்து 17-ஆக ஏறியது, தவறான பந்துகளால் அடிப்பவருக்கு முதல் தளம் இலவசமாகக் கிட்டும் 'வாக்' மட்டுமே 37-லிருந்து 32-ஆகச் சற்று இறங்கியது. அவ்வாறிருந்தும் சராசரி குறைந்ததற்குக் காரணம், மட்டையில் பட்டுக் களத்துக்குள் விழுந்த பந்துகளின் கதியே. அத்தகைய பந்துகள் இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய 470. முதலாண்டில் அவற்றுள் 151, அடிப்பவரைத் தளம் சேர்க்கும் ஹிட்டாயின, மறு ஆண்டில் 111 மட்டுமே. பிட்சரின் கைத்திறன் அத்தனை மாறிற்றென்று நம்புவது கடினம்.

இத்தகைய பந்துகளின் முடிவில் பிட்சருக்குப் பிட்சர் உள்ள பேதம் மிகச் சொற்பம் என்று பேஸ்பால் புள்ளிவிவர ஆராய்ச்சியாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001-இல் எழுதியபோது பலர் நகைத்தனர். அக்கூற்று ஓரளவு மிகை என்பதைப் பின்வந்தோர் காட்டினர் என்பது மெய். எனினும் அதன் சாரம் நிலைத்துவிட்டது.

இனி விலைக்கு வருவோம். வெல்லக்கூடியதென மதிக்கப்படும் அணிமீது 100 டாலர் லாபம் பெற 150 டாலர் கட்டவேண்டும், எதிரணிமீது 100 டாலர் கட்டினால் 130 டாலர் லாபம் என்று, பந்தயப் பணம் ஏற்கும் புக்மேக்கர் அறிவிப்பதாகக் கொள்வோம். முன்னதற்கு 60 சதவீதமும் பின்னதற்குச் சுமார் 43.5 சதவீதமும் வெற்றிவாய்ப்பு இருந்தாலன்றிக் கட்டிய பணம் தேறாது. இரண்டின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டி நிற்கும் அந்த மூன்றரையே புக்மேக்கரின் பங்கு. ஆகவே பந்தயக்காரர் நிரூபிக்கவேண்டியது, தமது பிட்சர் சிறந்தவர் என்பதன்று. விலை கூறுவதைவிடவும், அந்தப் பங்கையும் ஈடுசெய்யும் அளவுக்குச் சிறந்தவர் என்பதே. தவிரவும், 2001-இல் 162 ஆட்டங்களில் 116-ஐ வென்ற சியாட்டில் மாரினர்ஸ் அணியே 46 ஆட்டங்களில் தோற்றது. ஒரு பருவம் முழுமைக்கும் செல்லும் அனுமானம் ஒரு மாலைப்பொழுதின் முடிவுக்குப் பிரமாணமாகாது.

மெக்ராக்கனின் கருத்து பரவாதிருந்த நாளில், மார்டினெஸின் 1.74-ஐக் கண்டு மயங்கியவர்களுக்கு எதிராகப் பணம் வைக்க இடமிருந்தது. பில் ஜேம்ஸ் போன்ற புள்ளிவிவர ஆராய்ச்சியாளரைப் பாஸ்டன் அணியே 2002-இல் ஆலோசகராக அமர்த்திக்கொண்டபின், அக்கணக்கு ஒரு சிலரின் ரகசியமாக நீடிக்க இயலவில்லை. விலை நிர்ணயிப்போரும் அதையே கையாளத் தலைப்பட்டனர். கடைசி நேரத்தில் வெளியாகும் அடிப்போர் வரிசை, அன்றைய காற்றின் திசை, டென்வர் நகரத்து மைதானத்தின் உயரம் ஆகியவற்றில் இன்னும் சிறு இடைவெளி உண்டென்பாரை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியைத் தொடர்ந்து கண்டுபிடிப்பவர் எவரோ அவருடைய பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு விதித்துவிடும் வழக்கம் பல பந்தய நிறுவனங்களில் உண்டு. அவ்வரம்பு சில சமயம் ஒருசில டாலர் அளவுக்கும் இறங்கிவிடுகிறது.