எசுத்தோனியாவின் நான்கு நகரங்கள்

எசுத்தோனியா பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள சிறிய நாடு. இதன் பரப்பளவு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 14 இலட்சத்திற்கும் குறைவு. இந்நாட்டு நகரங்களைக் காணச் செல்வோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். பல நூற்றாண்டுகள் இவற்றை ஆண்டவர்கள் டேனியர், செருமானியர், சுவீடியர், உருசியர் முதலிய அயலவரே. எசுத்தோனியரில் பெரும்பாலோர் சிற்றூர்களில் பண்ணையடிமைகளாக இருந்தனர். அம்முறை வடபகுதியில் 1816இலும் தென்பகுதியில் 1819இலும் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரே நகரங்கள் மெல்ல அவர்கள் வசமாயின.

தாலின்

தலைநகர். 1219இல் டென்மார்க் அரசர் இரண்டாம் வால்டெமர் இவ்விடத்தைக் கைப்பற்றினார். 'டேனியர் கோட்டை' என்பதே இப்பெயரின் பொருள் என்பர். செருமானியர் இதை இரேவல் என்றழைத்தனர். அன்சா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்து இந்நகர் செழித்தது. தூம்பெயா குன்றின்மீது பிரபுக்களும் அடிவாரத்தில் வணிகர்களும் வாழ்ந்தனர். 1404இல் கட்டிமுடிக்கப்பட்ட நகர மன்றம் இன்றும் உள்ளது. அதன் எதிரிலுள்ள மருந்துக்கடை 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பிடப்படுகிறது. பழைய நகரம் 1997இல் யுனெசுகோ உலகப் பாரம்பரியக் களமானது.

தார்த்து

இரண்டாவது பெரிய நகர். சுவீடன் அரசர் குசுதாவ் அடால்பு 1632இல் இங்கு பல்கலைக்கழகம் நிறுவினார். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கு பாடமொழி செருமன். ஆயினும் கல்வி கற்ற எசுத்தோனியர் தலையெடுத்தது இங்குதான். பண்ணையடிமை ஒழிப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1869இல் முதல் பாடல் விழா இங்கு நடந்தது. 1919இல் பல்கலைக்கழகம் எசுத்தோனிய மொழியில் கற்பிக்கத் தொடங்கியது. 1920 பெப்ரவரி 2 அன்று இங்கு கையெழுத்தான உடன்படிக்கையால் சோவியத் உருசியா எசுத்தோனியாவின் விடுதலையை ஏற்றது.

பார்னு

கடற்கரை ஓய்வு நகர். 1838இல் இங்கு முதல் கடல்நீர்க் குளியல் நிலையம் திறக்கப்பட்டது. 1918இல் உருசியப் படை பின்வாங்க, செருமானியப் படை நெருங்கிவந்தது. அந்தச் சிறு இடைவெளியில், பெப்ரவரி 23 அன்று, இந்நகரின் எண்ட்லா நாடக அரங்க மாடத்திலிருந்து விடுதலைப் பிரகடனம் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. தாலினில் அறிவிக்கப்பட்ட மறுநாளே, அதாவது பெப்ரவரி 24, தேசிய நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நார்வா

கிழக்கெல்லை நகர். ஆற்றின் இக்கரையில் எர்மன் கோட்டை. அக்கரையில், உருசியாவில், 1492இல் எழுப்பப்பட்ட இவான்கோரத் கோட்டை. 1857இல் தொடங்கிய கிரீன்கோம் துணி ஆலையால் இது பெரிய தொழில் நகராயிற்று. 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் பழைய நகரம் அழிந்தது. வெளியேறிய மக்கள் திரும்பிவரச் சோவியத் ஆட்சி இடமளிக்கவில்லை. பிற பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் குடியேற்றப்பட்டனர். இன்று இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையோர் உருசிய மொழி பேசுவோர்.

1991 ஆகத்து 20 அன்று எசுத்தோனியா மீண்டும் விடுதலை பெற்றது. 2024 செப்டம்பர் முதல் உருசிய மொழிவழிப் பள்ளிகள் படிப்படியாக எசுத்தோனிய மொழிவழிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. தன் மொழிக்கு நகரங்களில் இடம்பெற நூறாண்டு உழைத்த மக்கள், வேறு மொழி பேசும் நார்வாவை எவ்வாறு தம்மோடு இணைத்துக்கொள்வர்? விடை இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். ஆகவே தாலினின் அழகோடு திரும்பிவிடாமல், நார்வாவையும் பார்த்து வருவதே இந்நாட்டை அறியும் வழியாகும்.