களிமண் புறாவும் களத்து ஒழுக்கமும்

தலைநகரில் வாழும் தமிழருள் பலர் துக்ளகாபாத் கோட்டையைக் கண்டிருப்போம். அதற்கு அணித்தே, 1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென அமைக்கப்பெற்ற சுடுகளம் ஒன்று உண்டு. டாக்டர் கர்ணி சிங்கின் பெயர் தாங்கிய அக்களத்துள் நுழைவோருக்கு முதற்கண் ஒரு விந்தை தோன்றும். அங்குள்ளோர் இரட்டைக் குழல் துப்பாக்கியை நடுவே மடித்துத் திறந்தபடியே ஏந்திச் செல்வர். சுடுவதற்கென்றே செய்த கருவியைச் சுட இயலாத நிலையில் சுமப்பானேன்? இவ்வினாவுக்கு விடை தேடினால், இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று விரிகின்றது. அதனை இன்று சுருங்கக் காண்போம்.

பறக்கும் இலக்கைச் சுடும் இவ்விளையாட்டு உயிருள்ள புறாக்களைக் கொண்டு தொடங்கிற்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், லண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங்கில், புறாக்களைத் தரையிற் குழிகளில் இட்டுப் பழைய தொப்பிகளால் மூடி வைப்பர். கயிற்றை இழுத்ததும் தொப்பி விலகும், புறா எழும், துப்பாக்கி முழங்கும். சுடுபவர் இன்றும் “புல்” என்று குரல் கொடுப்பது, கயிற்றை இழுக்கச் சொன்ன அந்தப் பழைய கட்டளையின் எச்சமே ஆகும். பொறிகள் மின்விசையால் இயங்கத் தொடங்கிய பின்னரும் அச்சொல் மறையவில்லை.

புறாக்களுக்கு விடுதலை படிப்படியாக வந்தது. 1860-களில் அமெரிக்காவில் கண்ணாடிப் பந்துகள் இலக்காயின. உடைந்த சில்லுகள் வயலெங்கும் சிதறின. 1880-இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பார் சுட்ட களிமண்ணால் தட்டு ஒன்றைச் செய்து, அதனைச் சுழற்றி எறியும் பொறிக்கும் உரிமை பெற்றார். சிறுவர் நீர்ப்பரப்பின்மீது சிப்பி ஓடுகளைத் தத்தவிட்டு விளையாடியதைக் கண்டு அவருக்கு இக்கருத்து உதித்தது என்பர். நம் ஊர்க் குளக்கரையில் ஓட்டாஞ்சில்லை வீசித் தவளைப் பாய்ச்சல் விட்டவர்க்கு இது வியப்பாகாது. முதலிற் செய்த தட்டு மிகக் கடினமாயிருந்தது. ரவை பட்டும் உடையாமல் மணிபோல் ஒலித்தது. பின்னர்ச் சுண்ணக்கல் பொடியும் கீலும் கலந்து வார்த்தனர். இன்று ஒலிம்பிக் போட்டிகளில் பறக்கும் தட்டு 110 மில்லி மீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 105 கிராம் எடையும் உடையது. களிமண் நீங்கியும் “களிமண் புறா” என்ற பெயர் நீங்கவில்லை. பிரிட்டனில் அடைத்து வைத்த பறவைகளை விடுவித்துச் சுடும் வழக்கம் 1921-இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

பறவை தப்பியது, மனிதன் தப்ப வேண்டாவா? இங்கேதான் துப்பாக்கியின் வரலாறு குறுக்கிடுகின்றது. பழங்காலத் துப்பாக்கியில் மருந்தையும் ரவையையும் குழல் வாய் வழியே இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிப்பர். உள்ளே மருந்து உண்டா இல்லையா என்பதை அருகில் நிற்பவர் பார்த்தறிய இயலாது. 1830-களில் பாரிஸ் நகரத்து லெஃபோஷே, கீலில் மடிந்து பின்புறம் திறக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டதும் ஆங்கிலேயக் கொல்லர்கள் அம்முறையைக் கைக்கொண்டனர். விரைவாகத் தோட்டா இடுவதற்கென்று வந்த அமைப்பு, எவரும் எதிர்பாராத மற்றொரு நன்மையையும் தந்தது. திறந்த குழலூடே வானம் தெரிந்தால் அது வெறுமை என்பது பத்தடி தொலைவில் நிற்பவனுக்கும் விளங்கும். திறந்த துப்பாக்கி, “என்னால் உமக்குத் தீங்கில்லை” என்று வாய் திறவாமல் அளிக்கும் உறுதிமொழி ஆயிற்று.

ஒழுக்கம் கருவியோடு நிற்கவில்லை; களத்தின் வடிவையே மாற்றியதும் உண்டு. 1920-ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில், சார்லஸ் டேவிஸ் என்பார் கடிகாரத்தின் முகம்போல் வட்டமாகப் பன்னிரண்டு நிலைகள் வகுத்து, நண்பர்களுடன் சுட்டுப் பழகி வந்தார். வட்டமாதலால் ரவைகள் எல்லாத் திசையிலும் பாய்ந்தன. அடுத்த நிலத்துக்காரர் கோழிப்பண்ணை ஒன்று தொடங்கினார். என் செய்வது? வட்டத்தைப் பாதியாக வெட்டினர். எதிர்ப்புறத்தில் இரண்டாவது பொறி ஒன்றை வைத்து, ஒரு பக்கமே சுடுமாறு அமைத்தனர். அண்டை வீட்டான் கோழிகளுக்காக ஒதுங்கிய அந்த அரைவட்டமே உலகெங்கும் இன்று “ஸ்கீட்” எனப்படும் ஆட்டமாயிற்று. 1926-இல் பத்திரிகை ஒன்று நடத்திய பெயர்ப் போட்டியில் அப்பெயர் தேர்வாயிற்று. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் அவ்வாட்டம் இடம்பெற்றது.

இனி, களத்து விதிகளைக் காண்போம். எண்ணிக்கையில் அவை சிலவே. ஆயினும் ஒவ்வொன்றன் பின்னும் காரணம் ஒன்று உண்டு. சுடும் நிலைக்கு வந்து நின்ற பின்னரே தோட்டா இடவேண்டும். அந்நிலையை விட்டு நகருமுன் எடுத்துவிட வேண்டும். குழல் வாய் எப்போதும் களத்தின் முன்புறமே நோக்கவேண்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையாயின், உடனே திறத்தலாகாது. தோட்டா தாமதித்து வெடித்தலும் கூடும். போட்டியில் நடுவர் வந்து காணும்வரை துப்பாக்கியை முன்னோக்கிப் பிடித்தபடியே நிற்பர். காப்புத் தாழை நம்பித் துப்பாக்கியை மூடி வைத்தலும் தவறு. பெரும்பாலான தாழ்கள் விசையை மட்டுமே தடுக்கும். உள்ளே முறுக்கேறி நிற்கும் சுத்தியைத் தடுப்பதில்லை.

வெளியார் அறியாத ஆபத்து மற்றொன்றும் உண்டு. இருபதாம் எண் தோட்டா சிறிது. பன்னிரண்டாம் எண் துப்பாக்கியில் இட்டால் அது உள்ளே சரிந்து குழல் நடுவே சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலியென்று எண்ணிப் பின்னால் உரிய தோட்டாவை இட்டுச் சுட்டால், குழலே பிளந்து கையைச் சிதைத்துவிடும். இதற்காகவே இருபதாம் எண் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் அளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வையாதிருப்பது களத்தோர் வழக்கு.

இவற்றோடு மரியாதையும் சேரும். ஒருவர் இலக்கை எதிர்நோக்கி நிற்கையில் மற்றவர் பேசார். பிறர் துப்பாக்கியை அவர் இசைவின்றித் தொடார். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணியாதவரை அருகில் நிற்க விடார். தவறு கண்டவிடத்துச் சிறியவரும் பெரியவரைத் தடுக்கலாம். தடுக்கப்பட்டவர் சினத்தல் இழுக்கு. செல்வமும் பட்டமும் அங்கே செல்லா.

நம் நாட்டில் இதற்குச் சான்று டாக்டர் கர்ணி சிங்கே. பிகானீர் மன்னர் குடியிற் பிறந்தவர் அவர். அக்குடியினரின் கஜ்னேர் ஏரிக்கரை ஒருகாலத்தில் பறவை வேட்டைக்குப் பேர்போனது. அவ்வழி வந்தவர் களிமண் தட்டை இலக்காகக் கொண்டு, 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கு கொண்டார். 2004-இல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் இவ்விளையாட்டிலேயே வெள்ளி வென்றார். 2024-இல் பாரிஸுக்குச் சென்ற பிருதிவிராஜ் தொண்டைமான் நம் தமிழகத்தவர். மன்னரேயாயினும் மாணவரேயாயினும், நிலைவிட்டு நிலை பெயர்கையில் துப்பாக்கியைத் திறந்தே ஏந்த வேண்டும் என்பது பொதுவிதி.

பிற மாநிலங்களில் குடியேறிய நம் மக்களின் பிள்ளைகள் இவ்விளையாட்டை நாடிச் செல்லும் நாளும் வரலாம். அவர்களுடன் களம் செல்லும் பெற்றோர், எத்தனை தட்டுகள் உடைந்தன என்று கேட்குமுன் ஒன்றைக் கவனித்தல் நன்று: பிள்ளை நடந்து வருகையில் அவன் துப்பாக்கி திறந்திருக்கிறதா? இலக்குத் தவறினால் அடுத்த தட்டு உண்டு. ஒழுக்கம் தவறினால் மறுமுறை இல்லை. தொப்பிக்கு அடியிலிருந்த புறாவும், வேலிக்கு அப்பாலிருந்த கோழியும், பக்கத்தில் நிற்கும் தோழனும் அஞ்சாதிருக்கக் கற்றுக்கொண்ட வரலாறே இவ்விளையாட்டின் வரலாறு.