வறட்சியில் மர இலைகள் வெளியிடும் வாயுக்கள்: சித்தூர், திருப்பதி பகுதிக்கு ஏன் முக்கியம்?

திருப்பதி: வறட்சி, மரங்களின் வளர்ச்சியைக் குறைப்பதோடு, அவற்றின் இலைகள் காற்றில் கலக்கும் வாயுக்களின் அளவையும் மாற்றுகிறது. செம்மரக் காடுகளும் மாந்தோப்புகளும் நிறைந்த ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் காற்றுத் தரத்தை அறிய இம்மாற்றத்தைப் புரிந்துகொள்வது அவசியமாகிறது.

வெளியாகும் வாயுக்கள் எவை?

இலைகள் ஆக்சிஜன், நீராவி ஆகியவற்றுடன் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களையும் வெளியிடுகின்றன. இவற்றுள் முதன்மையானது ஐசோபிரீன். உலகத் தாவரங்கள் ஆண்டுதோறும் சுமார் 50 கோடி டன் ஐசோபிரீனை வெளியிடுவதாக மதிப்பிடப்படுகிறது. மா, தைலமரம் ஆகியவற்றின் இலைகளைக் கசக்கும்போது எழும் மணத்திற்கு மோனோடெர்பீன் வகைச் சேர்மங்கள் முக்கியக் காரணமாகும். தைலமரம் ஐசோபிரீனையும் வெளியிடுகிறது.

நீர் குறையும்போது நிகழ்வது என்ன?

மண்ணில் ஈரம் குறைந்தால், நீரிழப்பைத் தடுக்க மரம் இலைத்துளைகளை மூடுகிறது. இதனால் கரியமில வாயு உள்ளே செல்வது தடைபட்டு ஒளிச்சேர்க்கை குறைகிறது. ஆனால், ஐசோபிரீன் வெளியேற்றம் உடனடியாகக் குறைவதில்லை. நீராவியாதல் குறைவதால் இலை சூடாகிறது. வெப்பம் கூடும்போது ஐசோபிரீன் உற்பத்தியும் கூடுகிறது. ஏற்கெனவே சேமிக்கப்பட்ட கார்பனையும் மரம் இதற்குப் பயன்படுத்துகிறது. வெப்பத்தால் ஏற்படும் பாதிப்பிலிருந்து ஐசோபிரீன் இலையைக் காக்கிறது.

எனவே, மிதமான வறட்சியில் வெளியேற்றம் நிலையாக இருக்கும் அல்லது உயரும். கடும் வறட்சி நீடித்தால் கார்பன் இருப்பு குறைந்து அது சரியும். அமெரிக்காவின் மிசூரி மாநில ஓக் காடுகளில் 2011, 2012 ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட அளவீடுகள், வறட்சி முற்றும்போது ஐசோபிரீன் வெளியேற்றம் குறைவதைக் காட்டின.

ஓசோனுடன் தொடர்பு

இச்சேர்மங்கள் தாமாக மாசு உண்டாக்குவதில்லை. வாகனங்கள், எரிபொருள் பயன்பாடு ஆகியவற்றிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் சூரிய ஒளியில் வினைபுரியும்போதுதான் தரைமட்ட ஓசோன் உருவாகிறது. அது நுரையீரலையும் பயிர்களையும் பாதிக்கக்கூடியது. இலைத்துளைகள் மூடியிருக்கும்போது இலைகள் ஓசோனை உறிஞ்சுவதும் குறைவதால், வறட்சிக் காலத்தில் இரு வழிகளில் ஓசோன் மிகக்கூடும். இந்தியாவில் இதற்கான 8 மணி நேரச் சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகும்.

இப்பகுதியின் நிலை

சேஷாசலம் மலைப்பகுதி 2010-ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. திருப்பதி அருகே காதங்கியில், விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அமைந்துள்ளது. 1992-இல் ரேடார் மையமாகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மேகங்கள், காற்றோட்டம், வளிமண்டலத்தின் நுண்துகள்கள், வாயுக்கள் ஆகியவற்றை ஆராய்கிறது.

மரங்களைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. நிழலும் குளிர்ச்சியும் தருபவை மரங்களே. யாத்ரிகர்களின் வாகனங்கள் மிகுந்த திருப்பதி போன்ற நகரங்களில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்துவதும், நடும் மரங்களை அவற்றின் வறட்சி தாங்கும் திறன், வாயு வெளியேற்றம் ஆகியவற்றை அறிந்து தேர்ந்தெடுப்பதும் பயனளிக்கும்.