கணினியில் தமிழை முதலில் கொண்டு வந்தது யார்?

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

ஃபோனில் தமிழ் எழுத்தைக் கொண்டு வந்தது யார் என்று பிள்ளைகளிடம் கேட்டால், அநேகமானோர் "கூகுள்" என்பார்கள். கூகுள் தொடங்கப்பட்டதே 1998இல்தான். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கணினித் திரையில் தமிழ் வந்துவிட்டது. அதைக் கொண்டு வந்தவர்களும் பெரிய கம்பனிகள் அல்ல, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவில் கண்விழித்த தனி மனிதர்கள்.

கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. யாழ்ப்பாணம் சுண்டிக்குழியில் 1886இல் பிறந்து, தொழில் தேடி மலாயாப் பக்கம் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப்படுபவர். 247 எழுத்துகளை ஒரு சின்னப் பொறிக்குள் எப்படி அடக்குவது? அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை அவர் வைத்தார். புள்ளியை அடித்துவிட்டு எழுத்தை அடித்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழும். அந்தத் தட்டச்சு வழக்கில் வந்ததுதான் வினாத்தாள் அடிக்க நாம் பாவிக்கும் பாமினி. ஏ, எஸ், டி, எஃப், ஜி என்று விரல் வைத்தால் ய, ள, ன, க, ப வருகிறதே, அது பழைய தட்டச்சுக்காரரின் விரல் பழக்கம்.

1984இல் கனடாவில் இருந்த கலாநிதி சீனிவாசன் "ஆதமி" என்ற மென்பொருளைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் "முரசு" தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் "மயிலை" என்ற ஃபொன்ட்டை இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி "கணியன்" செய்தார். இவர் நம்மவர், அதாவது வாத்தியார். பாடசாலையில் படிப்பித்து, பிறகு தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழ் இருந்ததற்குக் காரணம் இவர்தான்.

இதில் யார் முதலாமவர் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்தப் போட்டிக்கு விலை கொடுத்தவர்கள் நாங்கள்.

ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தங்களுக்கு வசதியான எண்ணில் வைத்தார்கள். பாமினியில் "அம்மா" என்று அடிப்பதைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமிக்கிறது. அந்த ஃபொன்ட் இல்லாத கணினியில் திறந்தால் அம்மாவைக் காணோம், ஆங்கிலக் குப்பைதான் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்க அவருடைய ஃபொன்ட்டும் வேண்டும்.

இதைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் கூடினார்கள். 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடினார்கள். அங்கே "தமிழ்99" விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் ஏற்கப்பட்டன. அதே காலத்தில் புலம்பெயர்ந்த தமிழர்கள் இணையத்தில் பேசிப் பேசி "திஸ்கி" என்ற இன்னொரு முறையை வளர்த்தார்கள். ஆக, பொதுவழியும் ஒன்றுக்கு மேலாகிவிட்டது! கடைசியில் நிலைத்தது யூனிகோட். 1991இலேயே அதில் தமிழுக்கு இடம் இருந்தது.

இந்தச் சண்டை தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 2003இல் ஆர்லோ ரோஸ், பெரி கிளார்க் என்ற இருவர் அப்பிள் கணினிக்கு "கொன்ஃபாபியுலேட்டர்" என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். காலநிலை, மணிக்கூடு, கல்குலேட்டர் எல்லாம் சின்னச் சின்ன விட்ஜெட்டாகத் திரையில் இருக்கும். அடுத்த வருடமே அப்பிள் நிறுவனம் "டேஷ்போர்ட்" என்று கிட்டத்தட்ட அதையே அறிவித்தது. எங்கள் யோசனையை எடுத்துவிட்டார்கள் என்று இவர்கள் கொதித்தார்கள். அப்பிளின் பக்கம் நின்றவர்களோ, 1984இன் முதல் மெக்கின்டோஷிலேயே இப்படிச் சின்னக் கருவிகள் இருந்தன என்றார்கள். விண்டோஸில் ஸ்டார்டொக் நிறுவனத்தின் டெஸ்க்டொப்எக்ஸும் முன்பே இருந்தது. 2005இல் யாஹூ கொன்ஃபாபியுலேட்டரை வாங்கி இலவசமாக்கியது. யோசனை யாருடையது என்பதற்கு மட்டும் ஒரே பதில் கிடைக்கவில்லை.

"முதலில் யார்" என்பது ஒரு கேள்வி அல்ல என்று நினைக்கிறேன். யோசித்தது யார், ஓட வைத்தது யார், எல்லோர் கைக்கும் கொடுத்தது யார் என்று அதைப் பிரித்துக் கேட்க வேண்டும். "எ-கலப்பை"யைப் பாருங்கள். அதை முகுந்தராஜ் தமிழுக்கு இலவசமாகக் கொடுத்தார். உள்ளே ஓடியது அவுஸ்திரேலியாவின் மார்க் டர்டின் செய்த "கீமேன்". அது முதலில் எழுதப்பட்டது லாவோ மொழிக்காக! சுரதா யாழ்வாணனின் "பொங்குதமிழ்" மாற்றி புது எழுத்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பாமினியில் கிடந்த எத்தனையோ பக்கங்களை யூனிகோடுக்குக் கொண்டு வந்து காப்பாற்றியது. முதலாமவர் பட்டியலில் இடமில்லாத இந்த வேலைக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

விற்றவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் தன் முறையை விட்டுவிட்டுப் பொதுமுறைக்கு வருவது ஒரு பெரிய இழப்பு. அதைச் செய்தவர்கள் இருந்ததால்தான் பட்டிப்பொலயில் அடித்தது இன்று டொரொன்டோவில் அப்படியே தெரிகிறது.

நம் பக்கம் இரண்டு வேலைகள் பாக்கி. பாடசாலைகளில், சங்கங்களில், பள்ளிவாசல், கோயில் சபைகளில் பாமினியில் கிடக்கும் பழைய கூட்டக் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். கணினி மாறினால் அவை வாசிக்க முடியாமல் போய்விடும். அடுத்தது, வட்ஸ்அப்பில் சுற்றும் வினாத்தாள்களிலும் குறிப்புகளிலும் அடியில் இருக்கும் ஆசிரியர் பெயரை வெட்டி எடுக்காதீர்கள். தாள் எல்லோருக்கும் போகட்டும், பெயரும் அதோடு போகட்டும்.