சாரம் எதைப் பிடித்து நிற்கிறது?

வேலை முடிந்ததும் பிரித்துப் போடும் பொருள் என்பதால் சாரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களும் அதை முடிச்சின் வரலாறாகவே எழுதினார்கள்: கயிறு போய் கிளாம்ப் வந்தது, மரக்கம்பு போய் இரும்புக் குழாய் வந்தது, ஆபத்து குறைந்தது. இதில் பொய் இல்லை. ஆனால் கதை பாதிதான். உயரமான சாரம் தன் காலில் மட்டும் நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சுவரையோ தூணையோ பெருங்குழாயையோ பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. கம்பும் கம்பும் சேரும் இடத்தைச் செப்பனிட நூறாண்டு உழைத்த இந்தத் தொழில், சாரமும் கட்டடமும் சேரும் இடத்தை அதே அக்கறையோடு பார்க்கவில்லை என்பது என் வாதம். மிகப் பெரிய உயிர்ச்சேதங்களில் இரண்டு அங்கேதான் நேர்ந்தன.

பழைய முறைகளில் இந்த இரண்டாவது இடம் மறைவாக இருந்ததில்லை. ரோமானியர்கள் செங்கல் சுவரிலேயே வரிசையாகச் சதுரத் துளைகள் விட்டு, அவற்றில் கட்டையைச் செருகிப் பலகை போட்டார்கள். இடைக்காலக் கோட்டைகளிலும் அத்தகைய துளைகள் இன்றும் தெரிகின்றன. சுவரை எழுப்பிய கூட்டமே அந்தச் சுவரை நம்பி ஏறியது. குடமுழுக்குக்கு முன் நம் கோபுரங்களுக்குச் சவுக்குக் கம்பாலும் கயிற்றாலும் கட்டும் சாரம் வேறு வகை. சுதைச் சிற்பங்கள் நிறைந்த முகப்பில் கண்ட இடத்தில் துளை போட முடியாது. ஆகவே அது தரையிலிருந்து எழும்பி, கோபுரத்தை நாலு பக்கமும் வளைத்துக்கொண்டு ஒரு கூடுபோல நிற்கிறது. ஒரு பக்கம் வெளியே சாயப் பார்த்தால் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். இங்கிலாந்தில் ஆலைப் புகைபோக்கிகளில் ஏறியவர்கள், செங்கல் இணைப்பில் மரமுளை அடித்து, அதில் இரும்புக் கொக்கியை அறைந்து, ஏணியை ஒவ்வொன்றாக அதில் கட்டி மேலே போனார்கள். சாந்து உளுத்திருக்கிறதா என்பது முளை இறங்கும்போதே அவர்கள் கைக்குத் தெரிந்துவிடும். அடுத்த நிமிடம் அதன்மேல் நிற்கப்போவதும் அவர்கள்தான்.

இதைச் சொல்வது பழைய காலத்தைப் புகழ்வதற்காக அல்ல. நார்க்கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். மழைக்கு மறுநாள் வெயிலில் ஒரு சாரத்தின் முடிச்சுகள் எல்லாம் ஒரேயடியாக நெகிழலாம், பார்வைக்கு எதுவும் தெரியாது. லண்டனில் டேனியல் பால்மர் ஜோன்ஸும் அவர் சகோதரரும் ‘ஸ்காஃபிக்ஸர்’ என்ற இணைப்பியைக் கொண்டுவந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். 1913இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் முகப்பைப் புதிய கல்லால் மாற்றும் வேலை 13 வாரங்களில் முடிந்தபோது அந்த இணைப்பிக்குப் பெரும் பெயர் கிடைத்தது. 1919இல் வந்த மேம்பட்ட கிளாம்பின் வழித்தோன்றல்கள்தாம் இன்று நம் கட்டுமானத் தளங்களிலும் கிடக்கின்றன. பிறகு குழாயின் வெளிவிட்டமும் 48.3 மில்லிமீட்டர் என்று நிலைத்தது. எந்தக் குழாயும் எந்தக் கிளாம்பிலும் பொருந்தும் என்ற நிலை உண்மையிலேயே பெரிய வெற்றி. அந்த வெற்றிதான் கண்ணை மறைத்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் 48.3 மில்லிமீட்டருக்குச் செய்த கிளாம்ப், 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூணைக் கவ்வாது. சுவரென்றால் துளையிட்டு நங்கூர ஆணி இறக்கலாம். தாங்கும் தூணிலும் அழுத்தத்தில் ஓடும் குழாயிலும் துளையிட முடியாது. எனவே தூணைச் சுற்றி நாலு சாரக்குழாய்களால் ஒரு சதுரம் போட்டு இறுக்குகிறார்கள். கோபுரத்தைச் சுற்றி வளைக்கும் பழைய அறிவுதான் இது, அளவில் சிறியது. பக்கவாட்டு அசைவை இது நன்றாகத் தடுக்கும். ஆனால் செங்குத்தாக இறங்கும் எடையைத் தாங்க வழவழப்பான தூணின் உராய்வைத் தவிர வேறொன்றும் இல்லை; ஆகவே அந்த எடை முழுவதும் சாரத்தின் சொந்தக் கால்கள் வழியாகத் தரைக்குப் போயாக வேண்டும். பெருங்குழாயில் சிக்கல் இன்னும் அதிகம். வெப்பக்காப்பு சுற்றிய குழாயின்மேல் கட்டினால் நாம் பிடிப்பது தகரத்தையும் பஞ்சையும்தான். எஃகு, ஒரு மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்தில் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். 30 மீட்டர் நீராவிக் குழாய் 200 பாகை சூடேறினால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். ஆலையை நிறுத்தியிருக்கும் காலத்தில் குளிர்ந்த குழாயில் இறுக்கிக் கட்டிய சாரம், ஆலை மீண்டும் ஓடத் தொடங்கும்போது அந்த ஏழு சென்டிமீட்டரையும் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் எதையும் பிடிக்காமல் தனித்து நிற்கட்டுமே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், சிறிய உயரத்துக்கு அதுவே சரியான விடையும்கூட. ஆனால் அமெரிக்கச் சட்டவிதி, அடியகலத்தின் நாலு மடங்குக்கு மேல் உயரும் சாரத்தைக் கட்டிப் பிடித்தே ஆக வேண்டும் என்கிறது. 40 மீட்டர் தூணுக்குத் தனித்து நிற்கும் சாரம் போட 10 மீட்டர் அடியகலம் வேண்டும். குழாய்களும் பம்புகளும் நெருங்கிக் கிடக்கும் ஆலையில் அந்த இடம் எங்கே கிடைக்கும்? மேலே போகப் போக, அதுவும் தூசுக்காகப் பச்சை வலை போர்த்திவிட்டால், காற்றின் தள்ளுதலை ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும். பிடிமானத்தைத் தவிர்க்க வழியில்லை.

அந்தப் பிடிமானம் மோசம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்ட் சாட்சி. அங்கே பிளசண்ட்ஸ் மின்நிலையத்தின் இரண்டாவது குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து சாரம் கிடையாது. ஒவ்வொரு நாளும் ஐந்தடி உயரத்துக்கு ஒரு வளையம் கான்கிரீட் போடுவார்கள். மறுநாள் சாரத்தை உயர்த்தி, முந்தைய வளையங்களிலேயே போல்ட்டால் மாட்டி, அடுத்ததைப் போடுவார்கள். 1978 ஏப்ரல் 27 காலை, சுமார் 166 அடி உயரத்தில், 29ஆவது வளையம் போட்டுக்கொண்டிருந்தபோது முந்தைய நாள் போட்ட 28ஆவது வளையம் பெயர்ந்தது. கோபுரத்தின் விளிம்பு உரிந்துகொண்டே போக, சாரமும் அதோடு போனது. அதில் நின்ற 51 பேரும் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகத்தின் ஆய்வு சொன்ன காரணம் எளிமையானது: குளிரான இரவில் அந்தக் கான்கிரீட் தேவையான வலிமையை அடையவில்லை, அதற்குள் அதன்மேல் பாரம் ஏற்றப்பட்டது.

இது கான்கிரீட்டின் தவறு, சாரத்தின் வரலாற்றில் இதை ஏன் சேர்க்க வேண்டும் என்பது வலுவான மறுப்பு. போல்ட்டுகளிலும் குறை இருந்தது என்று தொழிலாளர் பாதுகாப்புத் துறை குற்றம் சாட்டியதைக் காட்டி இதை நான் கடந்துவிடலாம். ஆனால் அது தப்பித்தல். நேரான பதில் இதுதான்: சாரம் மாட்டப்பட்ட கணத்திலிருந்து அந்தக் கான்கிரீட் சாரத்தின் ஓர் உறுப்பு. முளையடித்து ஏறிய மனிதரிடம் இந்தப் பிரிவினை இல்லை. கான்கிரீட் ஒருவர் பொறுப்பு, சாரம் இன்னொருவர் பொறுப்பு என்று வேலை பிரிந்தபோதுதான் இரண்டும் சேரும் இடம் யார் கையிலும் இல்லாமல் போனது.

தீர்வு தெரியாமலும் இல்லை. வார்ப்பின் வெப்பத்தையும் கழிந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, உள்ளே கான்கிரீட் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று மதிப்பிடும் முறையை இந்த விபத்துக்குப் பின் அமெரிக்க ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். 1987இல் அது தரநிலையாக வந்தது. ஆனாலும் 2016 நவம்பர் 24 அன்று சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் ஃபெங்செங் மின்நிலையத்தில், இதே வகைக் குளிர்விப்புக் கோபுரத்தில், முற்றாத கான்கிரீட்டிலிருந்து அச்சுப் பலகையைக் கழற்றியதால் மேல்தளம் சரிந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 38 ஆண்டு இடைவெளி, வேறு நாடு, வேறு நிர்வாகம். அவசரத்தை மட்டும் காரணம் சொல்வது எனக்குப் போதவில்லை. அளவிடக் கருவி இருந்தும், அளவைக் கேட்டு வாங்கும் உரிமை மேலே நிற்பவர்களிடம் இல்லாததுதான் கொடுமை.

இன்று பெரிய ஆலைகளில் சாரத்தின் வாசலில் ஓர் அட்டை தொங்கும். பச்சையென்றால் ஏறலாம், சிவப்பென்றால் கூடாது. யார் கட்டினார்கள், எப்போது சோதித்தார்கள், பலகை எவ்வளவு எடை தாங்கும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். எதோடு கட்டினார்கள், அது இந்தச் சுமையைத் தாங்கும் என்று கையெழுத்திட்டவர் யார், அந்தக் குழாய் எப்போது சூடேறும் என்பதற்குப் பொதுவாக அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இந்த மூன்றையும் எழுத இடம் விட்டு அட்டையை அச்சடிக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஆலை நிர்வாகத்தின் பொறியாளர் அதை நிரப்பித் தரும் வரை முதல் கிளாம்பை இறுக்க மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் சாரம் கட்டும் மேஸ்திரிக்கு வேண்டும்.